இரண்டு இழுப்பு, ஒரு நிறுத்தம்

புதிதாக மீன் பிடிக்க வருகிறவர்கள் எல்லோரும் லூரை, அதாவது பொய் இரையை, நிறத்தைப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள். மீன் அவ்வளவாக நிறம் பார்ப்பதில்லை, மேடம். அசைவைத்தான் பார்க்கிறது. ரப்பர் புழுவோ, தகடு வைத்த லூரோ, மரத்தில் செதுக்கிய குட்டி மீனோ, எதுவானாலும் தண்ணீருக்குள் அது எப்படித் துடிக்கிறது என்பதுதான் கணக்கு. பாஸ் மீனுக்குப் பசி எடுக்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை. எரிச்சல் மூட்டினால் போதும். முதல் வகுப்பில் நான் சொல்லும் முதல் விஷயம் அதுதான்.

என் பெயர் ஹாலிஸ் வாண்டிவர். வயது அறுபத்தாறு. பிக்ஸ்பீ ஏரிப் பூங்காவின் மரப் படகுத்துறையில் இருபத்திரண்டு வருடமாகச் சனிக்கிழமை காலைகளில் வகுப்பு எடுக்கிறேன். இந்த அலபாமாவில் ஏரிக்குப் பஞ்சமில்லை, பிடிக்கத் தெரிந்தவர்களுக்கும் பஞ்சமில்லை. பொறுமையாகச் சொல்லிக்கொடுக்கிறவர்கள்தான் குறைவு. ஒவ்வொரு வசந்தத்துக்கும் புதுப்புது லூர்கள் வரும். நான் வாங்கி, பழகி, பிறகு ஆரம்பக்காரர்களுக்குக் காட்டுவேன். எல்லோரும் என்னை கோச் என்றுதான் கூப்பிடுவார்கள்.

அந்த ரெக்கார்டரை ஓடவிட்டிருக்கிறீர்கள் அல்லவா? சரி.

நான்கு வருடத்துக்கு முன்னால் என் விரல்கள் மடங்க மறுத்தன. பழைய முறையில், உயிர்மீனைக் கோத்துப் போட்டால் இன்றைக்கும் பிடித்துவிடுவேன். புதிய லூர்கள் அப்படியல்ல. மணிக்கட்டில் சின்ன வெட்டு வேண்டும், சரியான நொடியில் நிறுத்தம் வேண்டும். எனக்கு எல்லாம் தெரியும், கைக்குத்தான் தெரியவில்லை. ஒரு வசந்தம் முழுவதும் மாணவர்கள் முன்னால் ஒரு மீன்கூட மாட்டவில்லை. பதினான்கு பேரில் ஐந்து பேர் மிஞ்சினார்கள். மீனைக் கண்ணால் பார்க்காத ஆரம்பக்காரர் அடுத்த வாரம் வரமாட்டார். அது அவர்களுக்குத்தான் நஷ்டம்.

அதனால் ஒரு ஏற்பாடு செய்தேன். வெள்ளிக்கிழமை மாலை உயிர்மீன் போட்டு ஒரு பாஸைப் பிடித்து, படகுத்துறைக்கு அடியில் வலைக்கூடையில் விட்டுவைப்பேன். சனிக்கிழமை யாரும் வருமுன் புது லூரை அதன் உதட்டில் மாட்டி, குட்டையான தூண்டில் நரம்பு ஒன்றில் கட்டித் தொங்கவிடுவேன். எல்லோர் முன்னாலும் அதே போன்ற லூரை வீசுவேன், இழுப்பேன். லூர் தூணில் சிக்கிக்கொண்டது என்று சொல்லிக் குனிந்து, அதைக் கழற்றிவிட்டு, மீன் கட்டிய குட்டை நரம்பை என் தூண்டிலின் கொக்கியில் பூட்டுவேன். நிமிரும்போது மீன் துள்ளும். கைதட்டுவார்கள். யாருக்கும் இதில் கெடுதல் இல்லை. நான் சொன்ன முறை சரியான முறைதான், சாட்சிக்கு மட்டும் கொஞ்சம் உதவி செய்தேன்.

இந்த வசந்தத்தில் ஒன்பது பேர் சேர்ந்தார்கள். அவர்களில் இரண்டு பேரைப் பற்றித்தான் நீங்கள் கேட்க வேண்டும்.

மிஸ் இமோஜீன் ட்ரெடவேக்கு எழுபத்தொரு வயது. கணவர் போன குளிர்காலத்தில் இறந்து, ஒரு பெட்டி நிறைய லூர்களை விட்டுப் போயிருந்தார். எதற்கு என்ன பெயர் என்று அந்த அம்மாளுக்குத் தெரியாது. முதல் நாள் பெட்டியைத் திறந்து, இரண்டு லூர்களை எடுத்துக் காதருகே வைத்துக் காட்டினார்.

"நாப்பத்தெட்டு வருஷம் குடித்தனம் பண்ணேன். எனக்கு ஒரு நல்ல கம்மல் வாங்கித் தரல, மீனுக்குப் பாரு, எவ்வளவு வாங்கியிருக்கான் மனுஷன்" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்கு அவரைப் பிடிக்கும். சொன்னதைச் சொன்னபடி செய்கிற மாணவி.

இன்னொருவர் வெஸ்லி ப்ரூயிட். முப்பத்தெட்டு வயது, மாவட்ட மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை. அமைதியான ஆள். வகுப்புக்கு வேகவைத்த வேர்க்கடலை கொண்டுவந்து எல்லோருக்கும் கொடுப்பார். மூன்றாவது சனிக்கிழமை நான் மீன் பிடித்துக் காட்டியபோது மற்றவர்கள் கைதட்டினார்கள், அவர் மட்டும் மீனைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்தார். பிறகு மெதுவாகத் தண்ணீரில் விட்டார். மற்றவர்கள் கிளம்பியதும் என் ஐஸ் பெட்டியை வண்டிவரை தூக்கி வந்தார்.

"கோச், தப்பா எடுத்துக்காதீங்க. அந்த மீனோட வாலு வலையில ஒரசின மாதிரி இருந்துச்சு. ஒதட்டுல பழைய ஓட்டை ஒண்ணு வேற."

நான் வண்டியின் பின்கதவைத் திறந்துவிட்டேன்.

"எங்கப்பாவுக்கும் கை இப்படித்தான் ஆச்சு" என்றார். "நான் யாருகிட்டயும் மூச்சு விட மாட்டேன். சத்தியமா."

அவர் சொல்லவும் இல்லை, மேடம். அதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். கடைசிவரை யாரிடமும் சொல்லவில்லை. அதட்டியிருந்தால், கேலி செய்திருந்தால், ஊரெல்லாம் சொல்லியிருந்தால்கூட எனக்கு என்ன செய்வதென்று தெரிந்திருக்கும். அவர் என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

அடுத்த வாரம் எல்லோருக்கும் முன்னால் வந்து, ஒரு யோசனை சொன்னார். நான் பேச வேண்டும், அவர் வீசிக் காட்ட வேண்டும். என் விரலுக்கு ஓய்வாக இருக்குமாம். சம்மதித்தேன். இந்த வருடம் புதிதாக வந்திருக்கும், முகப்பில் தகடு ஆடும் லூர். பழகுவது கஷ்டம். வெஸ்லி நான்காவது வீச்சில் நிஜமான மீன் ஒன்றைப் பிடித்தார். ஐந்து பவுண்டுக்குக் குறையாது. "கோச் சொன்ன மாதிரியேதான். ரெண்டு இழுப்பு, ஒரு நிறுத்தம்" என்று என் பக்கம் கை காட்டினார். யாரும் என் பக்கம் திரும்பவில்லை. அவரைச் சுற்றி நின்றுகொண்டு மணிக்கட்டை எப்படித் திருப்பினீர்கள் என்று கேட்டார்கள். மிஸ் இமோஜீன்கூடத் தன் தூண்டிலை அவரிடம் நீட்டி, முடிச்சுப் போட்டுத் தரச் சொன்னார். அதற்கு முன் என்னிடம்தான் நீட்டுவார்.

அவர் மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. ஒரு வகுப்பில் ஒருவர்தான் சொல்லிக்கொடுக்க முடியும், அவ்வளவுதான்.

ஏப்ரல் கடைசியில் அவரைத் தனியாக அழைத்து, அணைக்குக் கீழே இருக்கிற பாறைத் திட்டைப் பற்றிச் சொன்னேன். வகுப்பில் இதுவரை யாருக்கும் காட்டாத இடம் என்றேன். அது உண்மை. யாருக்கும் காட்டக்கூடாத இடம். மின்சாரம் எடுக்கத் தண்ணீர் திறக்குமுன் ஒரு முறை சங்கு ஊதுவார்கள். ஊதிய சில நிமிடத்தில் கணுக்கால் தண்ணீர் தலைக்கு மேல் போய்விடும். நான் வெஸ்லியிடம் சொன்னது வேறு. முதல் சங்கு வெறும் சோதனை, மூன்றாவது சங்குக்குத்தான் தண்ணீர் வரும், முதல் சங்குச் சத்தத்தில் மீன்கள் கலைந்து எழும், அந்த நேரத்தில் நிறுத்தாமல் வீசுகிறவருக்குத்தான் பெரிய மீன் என்று சொன்னேன்.

அவர் விவரமான ஆள். ஒரு கேள்வி கேட்டார்.

"அங்க போர்டு வெச்சிருக்காங்களே கோச், சங்கு கேட்டா ஒடனே மேல ஏறணும்னு?"

"அது வக்கீலுங்க எழுதினது" என்றேன்.

அவர் சிரித்தார். "நாங்களும் எக்ஸ்ரே ரூம் கதவுல அப்படித்தான் பத்து வரி எழுதி ஒட்டியிருக்கோம். ஒருத்தனும் படிக்கிறதில்ல."

தண்ணீர் திறக்கும் நேரத்தைத் தொலைபேசியில் பதிவுக் குரல் ஒன்று சொல்லும். திங்கட்கிழமை அழைத்துக் கேட்டேன். மறுநாள் காலை ஏழு நாற்பது. வெஸ்லியை ஏழு மணிக்குப் போகச் சொன்னேன். மார்புவரை வரும் என் ரப்பர் உடையைக் கொடுத்தேன். அதற்கு இடுப்பு வார் ஒன்று உண்டு. இறுக்கிக் கட்டினால் தண்ணீர் உள்ளே இறங்காது. அந்த வாரைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் கொடுத்தேன். அது என் வீட்டில், பின்கதவுக்குப் பக்கத்து ஆணியில் இருக்கிறது. ஆள் அனுப்பினால் எடுத்துக்கொள்ளலாம்.

செவ்வாய்க்கிழமை நானும் போனேன். மேட்டின் மேல் வண்டியை நிறுத்தி, பிஸ்கட்டும் காப்பியுமாக உட்கார்ந்தேன். சொல்லிக்கொடுத்ததை மாணவர் எப்படிச் செய்கிறார் என்று பார்ப்பது என் வழக்கம்.

கீழே இரண்டு பேர் நின்றார்கள்.

வெஸ்லி, மிஸ் இமோஜீனையும் அழைத்து வந்திருந்தார். அந்த அம்மாளுக்கு அதுவரை ஒரு மீன்கூட மாட்டவில்லை. நல்ல இடம் கிடைத்தால் தனியாக அனுபவிக்கிற குணம் வெஸ்லிக்கு இல்லை. இதை நான் எதிர்பார்த்திருக்க வேண்டும். அப்போது ஏழு இருபத்தெட்டு. பன்னிரண்டு நிமிடம் இருந்தது.

நீங்கள் கேட்கப்போவது தெரியும். கீழே இறங்கும் படிக்கட்டு நனைந்திருந்தது, என் முழங்கால் சரியில்லை. ஆனால் வண்டியில் ஹாரன் இருந்தது. அழுத்தியிருந்தால் இருவரும் மேலே வந்திருப்பார்கள். அம்மாளை மட்டும் வரவழைக்க ஒரு வழி இருந்திருந்தால் செய்திருப்பேன். யோசித்துப் பார்த்தேன், வழி இல்லை. காப்பியைக் குடித்து முடித்தேன்.

சங்கு ஊதியது. வெஸ்லி அணைப் பக்கம் ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டு, சொன்னபடி தொடர்ந்து வீசினார். மிஸ் இமோஜீன் வீசவில்லை. சுற்றிலும் பார்த்தார், மேட்டைப் பார்த்தார், என்னைக் கண்டுகொண்டார். நான் வண்டியை விட்டு இறங்கி விளிம்பில் நின்றிருந்தேன். அவர் கையைக் காதில் வைத்து, பிறகு அணையைக் காட்டினார். என்ன செய்வது என்று கேட்டார்.

வகுப்பில் ஆளுக்கொரு மூலையில் நிற்பார்கள், கத்தினால் கேட்காது. அதனால் கையாலேயே சொல்வேன். கையைச் சுழற்றினால் நரம்பைச் சுருட்டிக்கொண்டு என்னிடம் வா என்று அர்த்தம். உள்ளங்கையைக் கீழ்நோக்கி மெதுவாக அமுக்கினால் நின்ற இடத்தில் நில், லூர் இறங்கட்டும், அவசரப்படாதே என்று அர்த்தம்.

நான் உள்ளங்கையைக் கீழ்நோக்கி அமுக்கினேன். இரண்டு முறை.

அவர் தலையாட்டினார். திரும்பி நின்று வீசினார். நல்ல வீச்சு.

பிறகு நடந்தது உங்கள் அறிக்கையில் இருக்கிறது. தண்ணீர் முழங்காலுக்கு வந்தபோதே வெஸ்லிக்குப் புரிந்துவிட்டது. அவர் கரைக்கு ஓடியிருக்கலாம், அவர் பக்கம்தான் கரை. அதைவிட்டு மறுபக்கம் போய் அந்த அம்மாளைத் தூக்கி, சரிந்து கிடந்த மரத்தின் வேரில் ஏற்றினார். அதற்குள் என் ரப்பர் உடை நிரம்பிவிட்டது. அவர் கத்தவில்லை. மேலே பார்க்கவும் இல்லை. அதற்கு நேரம் இருந்திருக்காது. வியாழக்கிழமை பாலத்துக்குக் கீழே கிடைத்தார். அவசர உதவிக்கு அழைத்தது நான்தான். ஏழு ஐம்பத்தைந்துக்கு.

மிஸ் இமோஜீன் பிழைத்தது எனக்கு நிம்மதியாக இருந்தது. இடுப்பெலும்புதான் முறிந்தது. தேவாலயத்தில் எனக்காகவும் ஜெபம் செய்தார்கள். வீட்டுக்குக் கோழிக்கறியும் பீச்சுப் பழப் பலகாரமும் கொண்டுவந்து வைத்தார்கள். வெஸ்லியின் அப்பா வந்து, விரல் மடங்காத கைகளால் என் கையைப் பிடித்துக்கொண்டு, உங்களைப் பற்றி அவன் நிறையச் சொல்வான் என்றார். அதையெல்லாம் நான் தாங்கிக்கொண்டேன்.

போன வாரம் நீங்கள் என் வீட்டுக்கு வந்தீர்கள். மருத்துவமனையில் மிஸ் இமோஜீன் கொடுத்த வாக்குமூலத்தை எனக்குப் படித்துக் காட்டினீர்கள். கோச் மேலே நின்று எங்களை வெளியே வரச்சொல்லிக் கை காட்டினார், பாவம், நான்தான் பயத்தில் தப்பாகப் புரிந்துகொண்டேன் என்று அவர் சொல்லியிருந்தார். சொல்லும்போது அழுதாராம். வெஸ்லி போனது தன்னால்தான் என்று செவிலியர்களிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாராம். நீங்களும் கிளம்பும்போது வாசலில் நின்று ஒன்று சொன்னீர்கள்.

"அவ்வளவு தூரத்துலேருந்து காட்டினா யாருக்கும் சரியாப் புரியாதுங்க. அந்த சைகை தெளிவா இல்லாம இருந்திருக்கலாம். மனச போட்டுக் கொழப்பிக்காதீங்க."

நல்லெண்ணத்தில்தான் சொன்னீர்கள். ஆனால் போன சனிக்கிழமை வகுப்பிலும் ஒருவர் அதையே கேட்டார். இனிமேல் எல்லோருக்கும் புரிகிற மாதிரி, தெளிவான சைகைகளாக வைத்துக்கொள்ளலாமே கோச் என்றார். மற்றவர்களும் தலையாட்டினார்கள். யாரும் என்னை நேராகப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகுதான் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இன்று காலை, யாரும் கூப்பிடாமல், நானே வண்டி ஓட்டிக்கொண்டு இந்தக் காவல் நிலையத்துக்கு வந்ததற்குக் காரணம் அதுதான்.

அந்தக் காகிதத்தைத் திருத்துங்கள், மேடம். மிஸ் இமோஜீன் எதையும் தப்பாகப் புரிந்துகொள்ளவில்லை. நான் நிற்கச் சொன்னேன், அவர் நின்றார். வெஸ்லியிடம் வீசச் சொன்னேன், அவர் வீசினார். இரண்டு பேருக்கும் நான் சொன்னது ஒரு எழுத்து பிசகாமல் போய்ச் சேர்ந்தது. இருபத்திரண்டு வருடத்தில் ஒரு தடவைகூட நான் குழப்பமான சைகை காட்டியதில்லை. என்னை என்னவென்று வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள். சரியாகச் சொல்லிக்கொடுக்கத் தெரியாதவன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.