கழுத்துத் துண்டு

சுப்பராயலு: ...வந்தவன் வந்துட்டே, இப்டி நிழல்ல குந்து மாப்ள. இந்த வெயில்ல கழுத்துல துண்ட இறுக்கிக் கட்டிக்கினு... இன்னா வேஷம் இது?

கங்காதரன்: சளி மச்சான். தொண்ட கட்டிக்கினு கீது.

சுப்பராயலு: சளியா? வேர்வ ஆறா ஓடுது!

கங்காதரன்: அத வுடு. இருசா எங்க?

சுப்பராயலு: அட, என் தங்கச்சி பேரு கூட ஞாபகம் கீதா? பழவேற்காட்டுக்குப் போயிருக்கா. கோட்ட வாசல்ல ஒலாந்தாக்காரனுங்களுக்கு நண்டு விக்க.

கங்காதரன்: எப்ப வருவா?

சுப்பராயலு: வரும்போது வருவா. நான் தோணிக்கு எண்ணெ பூசணும். அந்தச் சட்டிய இப்டித் தள்ளு... இன்னாய்யா கை இப்டி ஆடுது? பாதி எண்ணெ மணல்ல!

கங்காதரன்: எங்க குப்பத்துலேந்து உங்க ஊரு தோணிரேவு வரைக்கும் துடுப்பு போட்டுக்கினு வந்த கை மச்சான்...

சுப்பராயலு: பொறந்ததுலேந்து துடுப்பு போடற கை. ம்... சரி, வந்த வேலையச் சொல்லு.

கங்காதரன்: அவள... கூட்டிக்கினு போலாம்னு வந்தேன்.

சுப்பராயலு: ஓஹோ! ஊரக் கூட்டி வெச்சி, துரும்பக் கிள்ளிப் போட்டு, "இன்னியோட இவளுக்கும் எனக்கும் தீந்துச்சு"ன்னு அறுத்து வுட்டது நீதானே? இல்ல, அது வேற கங்காதரனா?

கங்காதரன்: குத்து மச்சான். நல்லா குத்து. வாங்கிக்கத்தான் வந்தேன்.

சுப்பராயலு: அவளப் பேய் புடிச்சவளுன்னு சொன்னியே...

கங்காதரன்: ஊரே சொல்லிச்சு! கட்டிக்கினு வந்தப்போ எப்டி இருந்தா? அதிர்ந்து ஒரு வார்த்த வராது. அப்பறம்தானே கழுத்து வீங்கி அந்தக் கழல வந்துச்சு. கண்ணு ரெண்டும் பிதுங்கிக்கினு... பொட்டுத் தூக்கமில்லாம வலை பின்னுவா. பானைச் சோத்த ஒருத்தியே துன்னுட்டு எலும்பா நிப்பா. "காத்து இல்ல, காத்து இல்ல"ன்னு ஏரித் தண்ணியிலியே கெடப்பா. எங்கம்மா மேல கூழ்ப்பானைய வீசுனா.

சுப்பராயலு: வீசுனா. இல்லேன்னு யாரு சொன்னது?

கங்காதரன்: பாடு பிரிக்கற அன்னிக்கு... யாரு எந்த எடத்துல வலை வுடறதுன்னு ஊரே கூடிக் குந்திக்கினு கீது. இவ நடுவுல பூந்து, தலைவரு தலப்பாவ உருவி தண்ணியில வுட்டா!

சுப்பராயலு: அய்ய... அத மட்டும் நான் பாக்காம போனேனே!

கங்காதரன்: சிரிக்காத மச்சான். இவள வூட்டுல வெச்சிருந்தா உனக்குப் பாடு கெடையாதுன்னுட்டாங்க. வலை வுடாம இன்னாத்தத் துன்றது?

சுப்பராயலு: அதனால பொண்டாட்டிய வுட்டே, வலையப் புடிச்சே.

கங்காதரன்: ...யாரு இருமுனது?

சுப்பராயலு: ஆடு. தோணிக்கு அந்தாண்ட கட்டியிருக்கேன்.

கங்காதரன்: இப்ப எப்டி கீறா மச்சான்? அதே ஆட்டம்தானா?

சுப்பராயலு: இங்க வந்தும் ஆடுனா. ஒரு சட்டி தங்கல. என் பொண்டாட்டிக்குப் பேஜாரா பூடுச்சு. எங்க நைனா அவ எதுக்க வரவே பயப்படுவாரு. பெத்த பொண்ண எங்க வெரட்டறது? பொறுத்துக்கினோம். அப்பறம் அந்தக் கழல தானா வத்த ஆரம்பிச்சுது.

கங்காதரன்: வத்திச்சா? இன்னா மருந்து குடுத்தே? சொல்லு மச்சான், இன்னா குடுத்தே?

சுப்பராயலு: இரு இரு, ஏன் பறக்கறே? பச்சிலை கேட்டுச்சோ, நேந்துக்கினது கேட்டுச்சோ, யாரு கண்டது. ஆனா ஒண்ணு பாத்தேன். கழல வத்த வத்த கோவமும் வத்திச்சு. கை ஆட்டம் நின்னுச்சு. தூங்குனா. ஒரு நாள் காலையில "அண்ணா, கூழு குடிச்சியா"ன்னு கேட்டா பாரு... பழைய இருசா! எனக்கு அழுகையே வந்துடுச்சு.

கங்காதரன்: அப்ப பேயி...

சுப்பராயலு: பேயும் இல்ல, பிசாசும் இல்ல. தொண்டையில இத்துனூண்டு சதை. அது வீங்குச்சுன்னா ஒடம்புக்குள்ள அடுப்ப மூட்டி வுட்டுடுது போல. அந்தச் சதை ஆட்டி வெச்சுது, அவ ஆடுனா. அவ கெட்டவளா ஆவல மாப்ள.

கங்காதரன்: இத நீ அன்னிக்கே சொல்லியிருக்கலாமே!

சுப்பராயலு: அன்னிக்கு எனக்கு எங்க தெரியும்? நீதான் இங்க வந்து ஒரு தபா கேட்டியா? செத்தாளா பொழைச்சாளான்னு?

கங்காதரன்: கேக்கல. கேக்கல! அதுக்கு இன்னான்றே இப்ப? வந்ததுலேந்து சும்மா நோண்டிக்கினே கீறியே! நான் இன்னா உன் வூட்டு நாயா? போய்யா, நீயும் உன் எண்ணெச் சட்டியும்!

சுப்பராயலு: ஏய்... ஏய்! எதுக்கு ஒதைக்கறே? போச்சு! அத்தினி எண்ணெயும் போச்சு!

கங்காதரன்: ஐயோ... மச்சான்... நான் இல்ல மச்சான். கால் தானா... நான் இல்ல...

சுப்பராயலு: துண்ட அவுரு.

கங்காதரன்: வேணாம்.

சுப்பராயலு: அவுருடா!

கங்காதரன்: இந்தா... பாத்துக்கோ.

சுப்பராயலு: அட பாவி... உனக்குமா? எப்பலேந்து?

கங்காதரன்: போன மழைக்கு அப்பறம். தூக்கமே இல்ல. நெஞ்சு திடுதிடுன்னு அடிச்சிக்குது. கப்பல்ல வந்த ஒலாந்தா வைத்தியன் ஒருத்தன், ரத்தத்த எடுத்தா கோவம் எறங்கும்னு கையக் கீறி வுட்டான். ரத்தம்தான் எறங்குச்சு. எங்கம்மாவ நான் கத்துன கத்துல, பயந்துக்கினு தம்பி வூட்டுக்குப் பூட்டா. இந்தத் தபா பாடு பிரிக்கறப்ப தலைவர அடிச்சிட்டேன். இப்ப எனக்கும் பேயாம். பாடும் இல்ல, பேசறதுக்கு ஒரு நாதியும் இல்ல.

சுப்பராயலு: அப்பத்தான் என் தங்கச்சி நெனப்பு வந்துச்சா? கூட்டிக்கினு போனா கூழு ஊத்துவான்னு?

கங்காதரன்: இல்லேன்னா பொய்யி. ஆனா அதுக்கு மட்டும் இல்ல மச்சான். இப்டித்தானே அவளுக்கும் இருந்திருக்கும்? உள்ள கெடந்து "நான் இல்ல, நான் இல்ல"ன்னு கத்தியிருப்பாளே. பக்கத்துலியே படுத்துக் கெடந்தேன், எனக்குக் காதுல வுழலியே! அவ கால்ல வுழுந்து இத ஒரு தபா சொல்லிட்டா போதும். வர்ற வரைக்கும் இங்கியே கெடக்கறேன்.

சுப்பராயலு: இருசா... கேட்டுக்கினுதானே கீறே? எழுந்து வாம்மா.

கங்காதரன்: மச்சான்! ஆடுன்னியே...

இருசம்மாள்: வலை பின்னிக்கினு இருந்தேன். உன் கொரல் கேட்டுச்சு, அப்டியே குந்திட்டேன். இந்தாய்யா, மொதல்ல கூழக் குடி. ரெண்டு கையாலியும் புடி... தளும்புது பாரு. எனக்கும் இப்டித்தான் தளும்பும்.

கங்காதரன்: இருசா... தெளிஞ்சிட்டே இருசா. கட்டிக்கினு வந்தப்போ இருந்த அதே மொகம்...

இருசம்மாள்: உனக்கும் வத்தும். வத்தற வரைக்கும் எங்கண்ணன் கூட இங்கியே இரு. சட்டிய ஒதை, பானைய ஒடை, இங்க யாரும் தொரத்த மாட்டாங்க.

கங்காதரன்: வத்துனதுக்கு அப்பறம்? என் கூட வருவியா? நான் இப்ப பண்றதெல்லாம் நான் இல்ல இருசா. ஒலகத்துல உனக்கு மட்டும்தான் அது தெரியும்.

இருசம்மாள்: தெரியும்யா. சட்டிய ஒதைச்சது நீ இல்ல. தலைவர அடிச்சது நீ இல்ல. உங்கம்மாவ வெரட்டுனதும் நீ இல்ல. எல்லாம் அந்தச் சதைதான், ஒத்துக்கறேன். ஆனா அன்னிக்கு ஊர்க்கூட்டத்துல நான் உன் கையவே பாத்துக்கினு நின்னேன்... துரும்பக் கிள்ளுனப்ப அது ஆடவே இல்லியே.