மாதம் அரை டிகிரி

கடைச் சுவர்க் கடிகாரத்தை உடைத்தது நான்தான். வாடிக்கையாளர் ஒருவருக்குப் புதுக் கோல்ஃப் மட்டையின் அருமையைக் காட்டுகிறேன் என்று வீசினேன். பந்து வலைக்குப் போகாமல் மணி பார்க்கப் போய்விட்டது. என் மனைவி சிரித்துக்கொண்டே கண்ணாடிச் சில்லுகளைக் கூட்டினாள்.

"ஊருக்கெல்லாம் மட்டை பொருத்திக் குடுக்குற ஆளு. தன் பந்துக்கு வழி சொல்லத் தெரியல."

உண்மைதான். எனக்கு அடிக்க வராது, பொருத்த வரும். ஒருவர் பத்து முறை வீசுவதைப் பார்த்தால் போதும், அவர் பந்து ஏன் உயரப் போய்ப் பொத்தென்று விழுகிறது, ஏன் ஓரமாக ஓடுகிறது என்று சொல்லிவிடுவேன். மட்டையின் தண்டுக்கும் தலைக்கும் இடையே உள்ள சாய்வுதான் பாதி விஷயம். அது கொஞ்சம் நிமிர்ந்தால் பந்து இடப்பக்கம் விலகும். இரும்புப் பிடியில் மாட்டி ஓர் அழுத்து அழுத்தினால் சாய்வு மாறிவிடும். கண்ணுக்குத் தெரியாது.

என் மனைவி அடிப்பவள். அவள் பந்து போகிற அழகைப் பார்க்கப் புல் வெட்டுகிறவர் வண்டியை நிறுத்திவிடுவார். வருடத்தில் பத்து மாதம் ஊர் ஊராகப் போய் ஆடும் அணிக்கு ஆள் எடுத்தார்கள். தேர்வுக்கு ஆறு மாதம் இருந்தது. எனக்கு வெந்நீர் வைக்கக்கூடத் தெரியாது என்பதையும் இங்கே சொல்லவேண்டும். போகிறவள் திரும்பி வருவாளா? அவளிடமே கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

அவள் மட்டைகளை நிமிர்த்தினேன். மாதம் அரை டிகிரி. அவ்வளவுதான்.

பந்து இடப்பக்கம் போகத் தொடங்கியது. அவள் மட்டையைச் சந்தேகப்படவில்லை. பொருத்தியவன் நான் அல்லவா. தன் கையைச் சந்தேகப்பட்டாள். இடது மணிக்கட்டை இறுக்கிக்கொண்டு தினம் நானூறு பந்து அடித்தாள்.

"ஏங்க, எங்க தப்பு பண்றேன்?"

"தோளை அவசரமா திருப்புற."

சாயங்காலம் வீங்கிய மணிக்கட்டுக்குத் தைலம் தேய்த்துவிடுவேன். நன்றாகவே தேய்ப்பேன்; அதில் யாரும் குறை சொல்ல முடியாது.

தேர்வில் தோற்றாள். மறுநாளே இரும்பு மட்டைகள் ஏழையும் பழைய சாய்வுக்குக் கொண்டுவந்துவிட்டேன். கெட்டவன் அதைச் செய்வானா? ஆனால் பந்து இப்போது வலப்பக்கம் போனது. கோணல் மட்டைக்கு ஏற்றபடி அவள் வீச்சே கோணியிருந்தது. அதை எந்தப் பிடியில் மாட்டி நிமிர்த்துவது? மணிக்கட்டும் முழுசாக மடங்குவதில்லை. பால் பாத்திரத்தை இரண்டு கையாலும் இறக்குகிறாள்.

நேற்று மத்தியானம் சொல்லிவிட்டேன். உருளைக்கிழங்குத் தோல் சீவிக்கொண்டிருந்தவள் கத்தியைக் கீழே வைத்தாள். அழவில்லை. எனக்கு அதுவே பெரிய ஆறுதலாக இருந்தது.

"எல்லாம் உன்மேல உள்ள ஆசையிலதான்," என்றேன். "நீயே சொல்லு. ஜெயிச்சிருந்தா என்னை விட்டுட்டுப் போயிருப்பதானே?"

"போயிருப்பேங்க," என்றாள். "ஒவ்வொரு ஆட்டம் முடிஞ்சதும் வந்திருப்பேன். இப்ப போனா வரமாட்டேன்."