தலை சீவிவிடும் அப்பா

ஈரச் சாக்கின் வாடை எங்கே வந்தாலும், ஜப்பான்காரன் காலத்துச் சுங்கைப் பட்டாணி ஊரில் பங்கீட்டு அரிசிக்கு நின்ற ஒரு மழைக்காலை எனக்குள் நனையத் தொடங்கிவிடுகிறது. எனக்கு முன்னால் சாக்கைப் போர்த்திய இரண்டு பெண்கள், ஓர் அத்தையும் அவள் அண்ணன் மகளும். சிப்பாய்களுக்குப் பயந்து வயதுப் பெண்களை அவசரமாகக் கட்டிக்கொடுத்த நாட்கள் அவை.

“அந்த மெர்போக் தோட்டத்து மாப்பிள்ளை வேணாம்லா,” என்றாள் அத்தை. “உங்கப்பாவுக்கும் பிடிக்கல. இந்த வயசுலயும் அவனுக்கு அவங்கப்பாதான் தலை சீவி விடறாரு. லயத்து வாசல்ல, என் கண்ணால பாத்தேன்.”

“அவரு என்ன செஞ்சாரு?”

“என்ன செய்வான்? கண்ண மூடிக்கிட்டுச் சிரிக்கிறான்.”

வரிசை சற்று நகர்ந்தது.

“எங்கப்பா கை என்மேல பட்டதெல்லாம் அடிக்கத்தான், அத்தே. உங்களையும் தாத்தா அப்படித்தானே வளத்தாரு. நீங்க சந்தோஷமா இருக்கீங்களா?”

“உங்க மாமா நல்லவரு. ஒரு நாளும் அடிச்சதில்ல.” அத்தை சாக்கை இழுத்துவிட்டுக்கொண்டாள். “ஆனா அவரு கொசு அடிக்கக் கையத் தூக்கினாலும் என் தலை தானா குனிஞ்சிடுது.”

“என் பிள்ளைங்க குனிய வேணாம், அத்தே. அந்த மெர்போக்காரரு அதுங்களுக்கும் சீவி விடுவாரு.”

அரிசி வாங்கியதும் சந்திவரை நானும் அவர்கள் பின்னாலேயே நடந்தேன். அங்கே அத்தை மெர்போக் பக்கம் திரும்பினாள்.

“மாப்பிள்ளை வீட்ல சரின்னு சொல்லிட்டு வரேன். உங்கப்பாகிட்ட நான் பேசிக்கிறேன், நீ வாயத் திறக்காத.”