வாசல் பார்த்த திசை

“செத்துப்போன மனுசனைத் திட்டக் கூடாதுதான். ஆனா அந்தப் பெரியவர் மனை போட்டு வித்த தெருவுல, எந்த வீடா இருந்தாலும் மழை நேரா வாசல் வழியாத்தான் உள்ள வருது.”

ரோஸ் பெல்லிலிருந்து மாயெபூர் போகும் பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையில் இருந்த கொத்தனார் சொன்னார். பக்கத்தில் இருந்த பெண்ணின் வீட்டைப் புயல் கொண்டுபோய்விட்டதாம். புது வீட்டை அவர்தான் கட்டப்போகிறார். தீவு மொழியான கிரியோலும் தமிழுமாகப் பேசிக்கொண்டார்கள்.

“இந்தத் தடவை வாசலைப் பின்பக்கம் திருப்பிடுவோம், தங்கச்சி. அங்கயும் இப்ப ரோடு வந்துடுச்சே.”

“அந்தப் பக்கம் துரை பங்களா இருக்குண்ணே.”

“இருந்தா என்ன?”

“பெரியவர் இந்தியாவுலேருந்து கப்பல்ல வந்து அந்தத் துரைகிட்டதான் கரும்பு வெட்டினாரு. தினம் விடியக்காலைல, பேர் கூப்பிடுற வரைக்கும் பங்களா முன்னால நிக்கணும். பின்னால அங்கயே கரும்பு வெளையாத கல்லுக்காட்டை வாங்கி, மனை போட்டு, எங்களை மாதிரி ஆளுங்களுக்கு வித்தாரு. எங்க மாமனார்கிட்ட சொன்னாராம், ‘காலைல கதவைத் தொறந்தா நம்ம ஆளுங்க யாரும் அந்த வீட்டு மொகத்துல முழிக்கக் கூடாது’ன்னு. அதுக்காகத்தான் ரோட்டைக் கடல் பக்கமா விட்டாரு.”



“துரை ஊரை விட்டே போயாச்சு. பங்களாவுக்கும் புயல்ல கூரை போயிடுச்சு.”

“தெரியும்.”

பிளேன் மாக்னியனில் பஸ் நின்றது. அந்தப் பெண் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

“வாசல் இருந்த பக்கமே இருக்கட்டும்ண்ணே. சமையலறையில பின்பக்கமா ஒரு ஜன்னல் மட்டும் வையுங்க. பெருசா.”