என்னையப் படுக்க வச்சது உன் புரோட்டீனா?

மதுரைப் பக்கம் வீட்டுக்கு வீடு சிக்கன்குனியா வந்திருந்த சமயம். திருமங்கலம் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் ஒரு இளம் தம்பதி உட்கார்ந்திருந்தார்கள். காய்ச்சல் விட்டும் கணவருக்கு முட்டி மடங்கவில்லை. மனைவி பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறவர் என்பது பேச்சிலேயே தெரிந்தது.

"அப்ப என்னையப் படுக்க வச்சது உன் புரோட்டீனா?" என்றார் கணவர். அதிலிருந்துதான் நான் கவனிக்க ஆரம்பித்தேன்.

"என்னோடது இல்லைங்க, நான் ஆராய்ச்சி பண்ற புரோட்டீன் எல்லாருக்கும் செல்லுக்குள்ள இருக்கு. வைரஸோட ஆர்.என்.ஏ. உள்ள வந்தா, இது நம்மளது இல்லன்னு கண்டுபிடிச்சு ஒட்டிக்கிரும். உடனே மத்ததையெல்லாம் சண்டைக்குக் கூப்பிட்டு உசுப்பி விட்டுரும். அதுலதான் காய்ச்சலே வருது."

"ஆளக் கூப்பிடுறதுக்கா இம்புட்டு வலி?"

"கூப்பிடலைன்னா நீங்க இன்னும் படுத்துதான் கெடப்பீங்க."

"எங்கம்மாவும் அதே வேலையத்தான் பாக்குது. புது ஆளு தெருவுக்குள்ள வந்தா கையப் பிடிச்சு விசாரிச்சு, நாலு வீட்டக் கூட்டிரும்."

அந்தப் பெண் சிரித்தார். கொஞ்ச நேரம் கழித்து மெதுவாகக் கேட்டார்.

"நான் இந்த ஆராய்ச்சிக்காக ரெண்டு வருஷம் பெங்களூர் போறேன்னு அத்தைகிட்ட யாரு சொல்றது?"

கணவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பஸ் கப்பலூரைத் தாண்டியது.

"நானே சொல்றேன்" என்றார் கடைசியில். "சீக்காளி சொன்னா அம்மா சத்தம் போடாது."

"நெசமாவே போகச் சொல்றீங்களா?"

"பின்ன? உன் புரோட்டீன் என்னைய இம்புட்டுப் பாடு படுத்தியிருக்கு. அது யாருன்னு முழுசா விசாரிச்சிட்டு வா."