பூசணம் பிடித்த அறை

ஹட்டன் குளிருக்குக் கம்பளி நன்றாக விற்கும், இன்ஸ்பெக்டர் ஐயா. ஆனால் ஈரம் பட்டால் கெட்டுவிடும். அதனால் சரக்கை மாடியில் அடுக்கிவிட்டு, கடைக்குப் பின்னால் இருந்த அறையை வாடகைக்கு விட்டேன்.

தேயிலை விலை விழுந்தபோது தோட்டத்துப் பதிவில் பேர் வெட்டப்பட்டு, வேலை போய் வந்தவன் ஆண்டியப்பன். ஸ்டேஷனில் மூட்டை தூக்கினான். மனைவி பேச்சியம்மா, ஒரு கைக்குழந்தை. தோட்டத்து லயத்தில், வரிசையாகக் கட்டிய ஒற்றை அறைகளில் பிறந்து வளர்ந்த ஜனங்கள். தலைக்கு மேல் கூரை இருந்ததே அவர்களுக்கு அதிகம்.

மழை பிடித்துக்கொண்டதும் அவள் கடை வாசலில், நாலு பேர் துணி பார்த்துக்கொண்டிருக்கும்போது வந்து நின்றாள்.

"மொதலாளி, செவுரெல்லாம் பூசணம் புடிச்சிருக்குங்க. புள்ளைக்கு மூச்சு இழுக்குது. சுண்ணாம்பாவது அடிச்சுக் குடுங்க."

"உள்ளயே ஈரத்துணி காயப் போடுறீங்க, உள்ளயே ஆக்கித் திங்கிறீங்க. பூசணம் வராம என்ன வரும்?" என்றேன்.

அந்தச் சுவர் மண்மேட்டோடு ஒட்டியது, மழைத் தண்ணீர் அதில்தான் ஊறியது என்பது உண்மைதான். அதற்காக மேட்டை வெட்டித் தண்ணீர் ஓடக் கான் போட்டுக்கொடுக்க வேண்டுமா, இவர்களுக்கு?

அடுத்து புருஷன் வந்தான். கைகட்டி நிற்கவில்லை.

"வீட்டுக்காரவங்கதானே பாக்கணும்? இல்லாட்டி சுகாதார ஐயாகிட்ட சொல்லுவோங்க."

மூட்டை தூக்குகிறவன் எனக்குச் சட்டம் சொன்னான். நான் கோபப்படவில்லை. அன்று மாலையே போய் ஜன்னலைப் பலகை வைத்து அடித்தேன். பனி உள்ளே வரக்கூடாதல்லவா. பெரிய சட்டி நிறையக் கரிக்கனல் கொண்டுபோய் வைத்தேன்.

"விடிய விடிய இருக்கட்டும். செவுரு காஞ்சிரும்."

"நல்லா இருப்பீங்க, மொதலாளி," என்று பேச்சியம்மா கும்பிட்டாள். அவ்வளவுதான் அவர்கள் புத்தி.

பொகவந்தலாவையில் என் பழைய கடைக் காவல்காரன், அடைத்த அறையில் இப்படித்தான் கரி மூட்டிப் படுத்தான். எழுந்திருக்கவில்லை. பிணத்தை வெளியே இழுத்துப் போட்டவன் நான். ஆகவே, இந்த மூன்று பேரும் என் தெரியாத்தனத்தால் செத்தார்கள் என்று சொல்லமாட்டேன். பொய் பேசுவது அந்த வகை ஆட்களின் வழக்கம்.

கதவுக்கு வெளியே கொண்டி போட்டது யார் என்று கேட்கிறீர்கள். நான்தான். உள்ளிருந்து கொஞ்ச நேரம் தட்டினார்கள். அதிலும் ஒரு மரியாதை இல்லை. கதவைத் திறந்து அனலை வெளியே விட்டால், சுவர் எப்படிக் காயும், ஐயா?