அப்பா போட்ட ஓட்டை

— கண்ணாடி முழுக்க எண்ணெய்டா. முன்னாடி ஒண்ணுமே தெரியல. இக்னாட்டி, கேக்குதா?

— கேக்குது அக்கா, கேக்குது. ஒரு நிமிஷம். துளித்துளியா வருதா, கோடா வருதா?

— கோடு கோடா வருது. பிளேன் மூக்குல இருந்து நேரா என் மூஞ்சிக்கு. ஜன்னலத் தொறந்து துடைக்கலாம்னா விரல் மிஞ்சாது, வெளிய மைனஸ் நாப்பது. பக்கவாட்டுல பாத்துதான் ஓட்டிட்டு இருக்கேன், நண்டு மாதிரி.

— எண்ணெய் பிரஷர் எவ்வளவு காட்டுது?

— நாப்பது. கிளம்பும்போது அறுபது.

— ஓலிங்கா எப்படி இருக்கா?

— உன் பொண்ணுதான, நீயே கேளு. ஓலிங்கா, அப்பா கேக்கறான் பாரு. வயிறு இன்னும் வலிக்குதா? ... ஏய், புருவத்தத் தூக்கி ஆமான்னு சொன்னா ரேடியோவுல எப்படிடி தெரியும்? வாயத் தொறந்து சொல்லு.

— வலிக்குது அப்பா. வலது பக்கம். திரும்பவும் வாந்தி வருது.

— பைய ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கோ கண்ணு. சீட்டுல எடுக்காத.

— ஒரு கையாலதான் பிடிப்பேன் அத்தை. இந்தக் கை கையுறைக்குள்ள நல்லா சூடா இருக்கு, வெளிய எடுக்க மாட்டேன்.

— சரி, எடுக்காத. ஒரு கையாலயே பிடி.

— அக்கா, ஒரு நிமிஷம். திரும்பி வந்துடு.

— வந்து? கிளினிக் அம்மா என்ன சொன்னாங்க? குடல்வால் வெடிக்கறதுக்குள்ள பெத்தல் டவுன் ஆஸ்பத்திரியில இருக்கணும்னு சொன்னாங்களா இல்லையா? ஆஸ்பத்திரி பிளேன் நாளைக்குத்தான் வரும்னாங்களா இல்லையா? பெத்தலுக்கு முப்பத்தஞ்சு நிமிஷம், நம்ம ஊருக்கு அரை மணி நேரம். ரெண்டுக்கும் நடுவுல தொங்கிட்டு இருக்கேன். நீயும் ஏறி வந்திருந்தா இந்நேரம் புள்ளையாவது பிடிச்சுட்டு இருந்திருப்ப.

— பின் சீட்டக் கழட்டி வெச்சிருக்கேனே அக்கா...

— ஆமா ஆமா. இன்ஸ்பெக்‌ஷன். மெக்கானிக் சார் இன்ஸ்பெக்‌ஷன் பண்ணாரு, சீட்டெல்லாம் கூடத்துல கிடக்கு. இப்பச் சொல்லுங்க மெக்கானிக் சார், எண்ணெய் எங்க இருந்து வருது?

— மூக்கு சீலா இருக்கும். ப்ரொப்பெல்லருக்குப் பின்னாடி இருக்கற ரப்பர் வளையம்.

— அது போன வருஷம் மாத்தினதுடா. புது சீல் எதுக்குப் போகும்?

— இன்ஜினுக்கு மூச்சு போகலன்னா போகும். மூச்சுக் குழாய் அடைச்சிக்கிச்சுன்னா உள்ள காத்து முட்டி முட்டி, கடைசியில சீலப் பிச்சுக்கிட்டு எண்ணெயோட வெளிய வரும்.

— அதான் நம்ம அப்பா குழாயில ஓட்டை போட்டு வெச்சிருக்காரே. குழாய் வாய் பனியில உறைஞ்சாலும், மேல சூட்டுல இருக்கற ஓட்டை வழியா மூச்சு போயிடும். முப்பது வருஷமா அப்படித்தான் போகுது.

— அக்கா... இந்தச் சேனல்ல ஊரே கேட்டுட்டு இருக்கு.

— எப்பத்தான் கேக்கல? போன வாரம் நான் உப்பு இல்லன்னு சொன்னதுக்கு மூணு வீட்டுல இருந்து உப்பு வந்துச்சு. சொல்லு.

— அந்த ஓட்டைய நான் அடைச்சுட்டேன்.

— என்ன சொன்ன?

— ஏதோ இடிபட்டு விழுந்த ஓட்டைன்னு நெனச்சேன் அக்கா. புதுக் குழாய் வர ஒரு மாசம் ஆகும்னாங்க. அதுவரைக்கும் ரப்பர் வெச்சு, மேல உலோக டேப்பு சுத்தி, கிளிப் போட்டு இறுக்கினேன். சுத்தமா இருக்கணும்னு. சரியா இருக்குன்னு லாக் புக்குல கையெழுத்தும் போட்டேன்.

— நல்லா இறுக்கமா போட்டியா?

— ... நல்ல இறுக்கம்தான்.

— அரிசோனாவுல ரெண்டு வருஷம் படிச்சியே. அங்க ஒரு நாளாவது பனியப் பாத்தியாடா நீ? குழாயில ஓட்டைய எலியா போட்டுச்சு? அப்பா டிரில் வெச்சு, விளிம்ப அரம் வெச்சு ராவி, நகம்கூடக் கீறாத மாதிரி வெச்சிருந்தாரே, அதப் பாத்தா இடிபட்ட ஓட்டை மாதிரியா இருந்துச்சு? ஒரு வார்த்தை கேக்கத் தோணலையா? பக்கத்து ரூம்லதானடா இருந்தேன்.

— கேட்டா சிரிப்பன்னு பயந்துட்டேன்.

— சிரிச்சிருப்பேன். சிரிச்சுட்டுச் சொல்லியிருப்பேன். இப்ப உன் பொண்ணு இங்க வாந்தி எடுத்துட்டு இருக்கா, முள்ளு இருபத்தெட்டுல நிக்குது. ஊர்ல எல்லாரும் நல்லாக் கேட்டுக்கங்க, இக்னாட்டி மெக்கானிக் கையெழுத்துப் போட்ட பிளேன் இது.

— திட்டு அக்கா. எவ்வளவு வேணாலும் திட்டு. மொதல்ல உறைஞ்ச ஆத்து மேல எறக்கு. எண்ணெய் சுத்தமா தீந்தா இன்ஜின் இறுகிடும்.

— தெரியும். எங்க எறக்கறதுன்னுதான் பாத்துட்டு இருக்கேன். கீழ ரெண்டாவது வளைவு வருது. பனிக்கு அடியில தண்ணி நின்னா சக்கரத்துக்குப் பதிலா மாட்டியிருக்கற பனிச்சட்டம் ரெண்டும் அப்படியே உறைஞ்சு ஒட்டிக்கும், அப்புறம் வசந்தத்துலதான் எடுக்கணும்.

— ஒரு நிமிஷம், ஒரு நிமிஷம். யாக்கோ மாமா ரேடியோவுல கேட்டுட்டு இங்கயே ஓடி வந்துட்டாரு, வாசல்ல நின்னு கத்தறாரு. நேத்து கண்ணி பாக்க அந்தப் பக்கம் போனாராம். நடு ஆத்துல தண்ணி இருக்காம். வடக்குக் கரைய ஒட்டி, செடி ஓரமா எறக்கச் சொல்றாரு. அங்க அவரோட ஸ்னோ மெஷின் வண்டி பனியில அழுந்தவே இல்லையாம்.

— வடக்கு. செடி ஓரம். சரி. ஓலிங்கா, இந்த மைக்க இடது கையில வாங்கு. பேசும்போது பட்டன அமுக்கு, அப்பா பேசும்போது விடு. உன் ஜன்னல் வழியா என்ன தெரியுதோ அப்பாகிட்டச் சொல்லிட்டே வா. எனக்கு ரெண்டு கையும் வேணும்.

— அப்பா, ஆறு கிட்ட வருது. எல்லாம் வெள்ளையா இருக்கு. மூஸ் மான் ஒண்ணு நிக்குது, தெரியுமா? அது நம்மளையே பாக்குது. அத்தை கெட்ட வார்த்தை பேசறாங்க.

— பேசட்டும்டா கண்ணு. நீ சொல்லு.

— செடியெல்லாம் வேகமாப் போகுது. அம்மா எங்க?

— இங்கதான், என் பக்கத்துல. அம்மா கேட்டுட்டுத்தான் இருக்கா.

— அழறாங்களா?

— ... ஆமா.

— இடிச்சுது அப்பா. திரும்பவும் இடிச்சுது. பனி மேல வந்து விழுது, ஒண்ணுமே தெரியல. வயிறு ரொம்ப வலிக்குது.

— ஓலிங்கா. ஓலிங்கா? அக்கா? யாராவது பேசுங்க. அக்கா.

— கத்தாத. நின்னுட்டோம். முழுசா இருக்கோம். பனிச்சட்டம் காஞ்ச பனியிலதான் நிக்குது. யாக்கோ மாமாவுக்கு என் முத்தம் ஒண்ணு குடு.

— அவரு கிளம்பிட்டாரு. ஸ்னோ மெஷின்ல உங்களத் தேடி வர்றாரு.

— எவ்வளவு நேரம் ஆகும்?

— ரெண்டு மணி நேரம். அங்க இருந்து பெத்தலுக்கு இன்னும் நாலு. பின்னாடி கட்டி இழுக்கற ஸ்லெட்ஜுல. இந்தக் குளிருல.

— அவ தாங்க மாட்டா. உதடு இப்பவே வெளுத்துப் போச்சு. கேளுடா. பிரஷர் இருபதுல இருக்கும்போதே இன்ஜின நிறுத்திட்டேன், அது இன்னும் சாகல. சீட்டுக்குக் கீழ ஆறு டப்பா எண்ணெய் இருக்கு. இருபது நிமிஷத்துல குளிர்ந்துடும், அதுக்குள்ள எதாவது பண்ணியாகணும். பனிமலை மேல டவர் இருக்கறதால உன் பேச்சு இங்கயும் கேக்குது. கதவத் தொறந்து வெச்சுட்டு இறங்கறேன். ஓலிங்கா, நான் பேசும்போது பட்டன அமுக்கு. போர்வைக்குள்ளயே இரு. நான் கத்தறது அப்பாவுக்குக் கேக்கும்.

— அத்தை இறங்கிட்டாங்க அப்பா. மூக்கத் தொறக்கறாங்க.

— அக்கா, மொதல்ல குழாய் வாயப் பாரு. அடியில தொங்குதே, அது.

— பாறை மாதிரி உறைஞ்சு கிடக்குடா. கட்டை விரல் தடிமனுக்கு ஐஸ் அடைச்சிருக்கு. மேல உன் டேப்பு மின்னுது, அழகா இருக்கு. பிச்சுட்டேன்.

— இப்ப சீலப் பாரு. ப்ரொப்பெல்லருக்குப் பின்னாடி. அது கிழிஞ்சிருந்தா...

— சொல்லு. கிழிஞ்சிருந்தா?

— கிழிஞ்சிருந்தா பிளேன் அங்கயேதான் அக்கா.

— ... இக்னாட்டி.

— என்ன? சொல்லு.

— காஞ்சு கிடக்கு. விரல விட்டுத் தடவிப் பாத்துட்டேன். சீல்ல ஒரு சொட்டு எண்ணெய் இல்ல.

— இருக்க முடியாது அக்கா. ரெண்டு வழியும் அடைச்சிருக்கு, கால் மணி நேரத்துலயே வெடிச்சிருக்கணும். மூச்சு வேற எங்கயோ போயிருக்கு. ஒரு நிமிஷம். எண்ணெய் வழிஞ்சது எங்க இருந்து ஆரம்பிக்குது பாரு.

— மேல இருந்து வந்திருக்கு. எண்ணெய் ஊத்தற இடத்துல சின்னக் கதவு இருக்கே, அதோட இடுக்குல இருந்து. இரு, தொறக்கறேன்.

— என்ன தெரியுது?

— எண்ணெய் வாய் தொறந்து கிடக்குடா. மூடி இல்ல.

— மூடி இல்லன்னா? காலையில யாரு...

— நான்தான். உனக்குத் தெரியாதா, நான் வேற யாரையும் ஊத்த விட மாட்டேன். குளிருல உறையாம இருக்க ராத்திரி வடிச்ச எண்ணெயும் மூடியும் அடுப்புப் பக்கத்துல இருந்துச்சு. காலையில கொதிக்கக் கொதிக்கத் தூக்கிட்டு வந்து ஊத்தினேன். ஒரு சொட்டுகூடச் சிந்தல. மூடியப் போட்டேன்னுதான்... போட்ட மாதிரிதான் இருந்துச்சு. புள்ள அழுதுட்டு இருந்தா. சின்னக் கதவ டப்புன்னு சாத்திட்டு ஏறிட்டேன்.

— அக்கா.

— ஊர் முன்னாடி உன்ன நாய் மாதிரி திட்டினேன். எண்ணெய் போனதுக்குக் காரணம் நான். இதையும் கேட்டுக்கங்கடா எல்லாரும்.

— அக்கா, ஒரு நிமிஷம், நான் சொல்றதக் கேளு. நீ மூடி போட்டிருந்தா இன்ஜினுக்கு மூச்சு விட ஒரு வழியும் இருந்திருக்காது. என் டேப்பு அடைச்சிருச்சு, ஐஸ் அடைச்சிருச்சு. ஆயிரம் அடி உயரத்துல சீல் வெடிச்சு, ஒரே நிமிஷத்துல மொத்த எண்ணெயும் போயிருக்கும். நீ மறந்த வாய் வழியாத்தான் அது மூச்சு விட்டிருக்கு.

— ரெண்டு முட்டாள் சேந்து ஒரு புள்ளையக் காப்பாத்தியிருக்கோம்னு சொல்ற.

— இன்னும் காப்பாத்தல. அளவுக் கம்பி என்ன காட்டுது?

— அஞ்சு டப்பா அளவு. ஆறு டப்பாவயும் ஊத்தினா பதினொண்ணு. பெத்தல் போக தாராளமாப் போதும். ஆனா மூடி இல்லாமக் கிளம்பினா இதே கதைதான். குழாய இனி தொறந்து விட்டாலும், இந்த வாய் வழியா துப்பிட்டேதான் இருக்கும்.

— துணிய அடைச்சுக் கட்டினா?

— உள்ள நழுவிப் போச்சுன்னா கியர்ல சுத்திக்கும். அப்பா ஒரு தடவ பாத்திருக்காரு, அவரு கூட்டாளியோட பிளேன்ல. அந்தக் கூட்டாளி இல்ல இப்ப. மூடிய வீட்டுல தேடுடா. அடுப்புப் பக்கத்துல இருக்கும்.

— நீ சொல்றதுக்கு முன்னாடியே மார்த்தா அழுகைய நிறுத்திட்டுத் தேட ஆரம்பிச்சுட்டா. அடுப்புக்கு மேல இல்ல, கீழ இல்ல. விறகையெல்லாம் கலைச்சுப் போட்டுட்டா. வெளியில பிளேன் நின்ன இடத்துல ஊர்ப் பசங்க எல்லாம் முட்டி போட்டுப் பனியத் தோண்டிட்டு இருக்காங்க.

— கிடைச்சாலும் எப்படிடா இங்க கொண்டு வருவ? யாக்கோ மாமா கிளம்பிட்டாரு. இன்ஜின் ஆறிட்டு இருக்கு, கை வெச்சா சுடவே இல்ல. குளிர்காலப் பகல், வெளிச்சம் இன்னும் நாலு மணி நேரம்தான்.

— அக்கா, அழாத. நீ அழுதா நான் என்ன பண்ணுவேன்?

— அழல. கண்ணுல தண்ணி வந்து இமையோட உறைஞ்சுக்குது, அவ்வளவுதான். ஓலிங்கா, கண்ணத் தொறந்தே வெச்சிரு கண்ணு. தூங்காத. எதாவது பேசு. அப்பாகிட்டப் பேசு.

— நான் தூங்கல. அப்பா, அத்தை என்ன தேடறாங்க?

— மூடிடா செல்லம். இன்ஜின் எண்ணெய் மூடி. வட்டமா, மஞ்சளா, நடுவுல ஒரு கைப்பிடி வெச்சு இருக்கும்.

— இதுவா? அத்தை, காலையில நீங்கதான இதை அடுப்புல இருந்து எடுத்து என் கையுறைக்குள்ள போட்டீங்க, வயித்து வலிக்கு இறுக்கிப் பிடிச்சுக்கோன்னு? இன்னும் சூடாத்தான் இருக்கு, தெரியுமா?